பாட்டு நின்ற இருபது விநாடி

கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கிறவனை யாரும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை, ஐயா. வேண்டுமென்று இல்லை, மறந்துவிடுவார்கள். மேளக்காரருக்குத் தனிப் பந்தி உண்டு. சமையல்காரர் அடுப்படியிலேயே முடித்துக்கொள்வார். நான் மட்டும் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு அடுத்தவன் இலையில் விழுகிற பாயசத்தைப் படம் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அவர்களோடு உட்கார்ந்து தின்னப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பதைச் சொன்னால்தான் ஜெயக்கொடி விஷயம் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் அழகுமலை, வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. சிம்மக்கல்லில் மிளகாய் வற்றல் மண்டிக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் ஐயா, நீங்கள் கேட்டீர்களே, என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காலையில் ஸ்டேஷனில் இட்லிகூட வாங்கிக் கொடுத்தார்கள். கீழக்குயில்குடியில் பிறந்து சமயநல்லூரில் வாக்கப்பட்ட ஜெயக்கொடி என்கிற இருபத்தொரு வயதுப் பெண், கல்யாணமான இருபத்தாறாம் நாள் கிணற்றில் விழுந்து செத்ததற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள். சம்பந்தம் உண்டு. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவசரப்படுத்தாமல் வரிசையாகச் சொல்ல விடுங்கள்.

முதலில் மைக். உங்கள் மேஜையில் இருக்கிறதே, ஒரு முழ நீளத்தில், கறுப்புப் பஞ்சு உறை போட்டு, அதுதான். எண்பத்தைந்தில் என் அத்தை மகன் பேயாண்டி சிங்கப்பூரிலிருந்து கேமராவோடு சேர்த்துக் கொண்டுவந்தான். "துப்பாக்கி மைக்கு மாப்ள. குறி பாத்துப் பிடி. சுடாது, கேக்கும்" என்று சொல்லிக் கையில் கொடுத்தான்.

சாதாரண மைக் நாலு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு எல்லாச் சத்தத்தையும் விழுங்கும். இது அப்படி இல்லை. உறையைக் கழற்றிப் பார்த்தால் குழாயின் இரு பக்கமும் கீற்றுக் கீற்றாகத் திறப்பு இருக்கும். பக்கவாட்டில் வருகிற சத்தம் அந்தக் கீற்றுகளில் நுழைந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். நேர் எதிரே இருப்பது மட்டும் பிழைத்து உள்ளே வரும். சுவர் எழுப்பிய மண்டபத்தில் சத்தம் மோதித் திரும்பிக் குழப்பும். திறந்தவெளிப் பந்தல் என்றால், முப்பதடி தள்ளி இரண்டு பேர் குசுகுசுப்பதை, காதில் ஹெட்போன் மாட்டியிருக்கிற நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்கலாம்.

ஆனால் நம் ஊரில் கல்யாண வீடியோவுக்குப் பேச்சுச் சத்தம் யாருக்கு வேண்டும். முகூர்த்தக்கால் நடுவதில் ஆரம்பித்துப் பெண் அழுதுகொண்டு கார் ஏறுகிறவரை சினிமாப் பாட்டைத்தான் மேலே ஏற்றிக் கொடுக்கிறோம். தாலிக்கு ஒரு பாட்டு, சாப்பாட்டுக்கு ஒரு பாட்டு, மறுவீட்டுக்கு ஒரு பாட்டு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் கேமராவைக் கண்டால் முந்தானையைச் சரி செய்வார்கள், மீசையைத் தடவுவார்கள், வாயை மட்டும் அடக்குவதில்லை. எப்படியும் பாட்டைப் போட்டு மூடிவிடுவான் என்கிற தைரியம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு, ஐயா. கெட்ட சொல் எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்றுதானே. பெரியவர்கள் விவரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். என் மைக் அந்த மேளத்துக்குள்ளும் புகுந்து போகும்.

நான் கேட்டதையெல்லாம் உங்கள் முன்னால் சொல்ல நா கூசுகிறது. மணப்பெண்ணின் தலையில் அட்சதையைப் போட்டுக்கொண்டே அவள் இடுப்பைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்ன சொந்தச் சித்தப்பன். செத்துப்போன மூத்த தாரத்தின் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பி, "சனியன் தொலஞ்சுச்சு" என்று சிரித்த மாப்பிள்ளை. பெற்ற அப்பன் படுக்கையில் கிடக்க, "இந்தக் கிழம் முகூர்த்தம் முடியறவரைக்கும் தாங்குமா" என்று கேட்ட மகன். இதெல்லாம் போதாதென்று சாப்பாட்டுச் சத்தம் வேறு. மைக்கைப் பந்திப் பக்கம் திருப்பினால் சவக் சவக்கென்று மெல்லுவதும், ரசத்தை உறிஞ்சுவதும், ஏப்பமும் என் காதுக்குள்ளேயே நடக்கும். குமட்டிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்ததும் ஹெட்போன் பஞ்சைச் சோப்புப் போட்டு அலசிக் காயப்போடுவேன். காதையும் மூன்று தடவை கழுவுவேன். எங்கள் அம்மா இருந்த காலத்தில், "இவன் என்ன, எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி கழுவிக்கிட்டே கெடக்கான்" என்பாள்.

அப்படிப்பட்ட பேச்சுகளை மட்டும் தனி டேப்புகளில் சேர்த்து வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். சாக்கடை எங்கெங்கே ஓடுகிறது என்று ஊரில் ஒருவனாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா. மதியம் கடையைச் சாத்திக்கொண்டு போட்டுக் கேட்பேன். கேட்கக் கேட்க மனுசர்மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது. மற்றபடி யாருக்கும் ஒரு கெடுதலும் நான் செய்ததில்லை. பாட்டைப் போட்டு ஒழுங்காக மூடித்தான் கொடுத்துவந்தேன்.

ஜெயக்கொடி கல்யாணம் இந்த வைகாசியில், ஞாயிற்றுக்கிழமை. கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்துப் பக்கமாகப் பந்தல் போட்டிருந்தார்கள். நாலாபுறமும் வெட்டவெளி. அந்த மைக்குக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மாப்பிள்ளை சிவனாண்டி சொந்தமாக டிராக்டர் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அவன் அம்மா சீனியம்மாள் பந்தலுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள், அவளுக்கு மைக்கே தேவையில்லை. பெண்ணுக்கு அப்பன் இல்லை. அம்மா ஒச்சாயி ஒற்றை ஆளாக அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

நான் பந்தல் தூணை ஒட்டி நின்றுகொண்டு மைக்கைப் பெண் பக்கம் திருப்பினேன். இருபது நிமிடம் அவள் முகத்தை மட்டும் எடுத்திருப்பதாகப் போலீஸ்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். வெளிச்சம் அவள் முகத்தில் நன்றாக விழுந்தது, வேறு காரணம் இல்லை. அவள் வாயிலிருந்தும் ஏதாவது வரும், பிறகு வேறு ஆளைப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. பக்கத்தில் நின்ற தோழி முருகம்மாளிடம், "அம்மா சாப்டுச்சாடி? காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவுகளுக்கு வேத்து ஊத்துது, அந்த விசிறிய இங்கிட்டுத் திருப்பு" என்றாள். கூட்டத்தில் அழுத ஒரு குழந்தைக்குத் தன் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக் கொடுக்கச் சொன்னாள். இருபது நிமிடமும் இப்படித்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இம்புட்டு நல்லவளாக ஒருத்தி இருக்க முடியாது, நடிக்கிறாள் என்று தோன்றியது.

பிறகு மாப்பிள்ளை சட்டை மாற்ற எழுந்து போனான். அவள் முருகம்மாள் பக்கம் சாய்ந்தாள். கேமராவை நேராகப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மொத்தம் இருபது விநாடி. என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரியாக மூன்று வாரம் கழித்து, ஞாயிறு பகலில், சமயநல்லூரில் மாப்பிள்ளை வீட்டில் வீடியோ போட்டார்கள். டிவியும் டெக்கும் நானே கொண்டுபோயிருந்தேன். ஜன்னலில் போர்வை கட்டி, வீடு கொள்ளாத கூட்டம். ஒவ்வொருத்தன் மூஞ்சி வரும்போதும் விசில். ஜெயக்கொடி எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு வாசற்படி ஓரமாக உட்கார்ந்தாள். தன் முகம் வந்ததும் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடத்தில் பாட்டு நின்றது. மேளச் சத்தம் எழுந்தது, அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"இவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் குமட்டுதுடி. தாலி ஏறட்டும், அதுவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இருப்போம். அவரு எங்கயும் போயிரல. அந்தா, பந்தியிலதான் பரிமாறிக்கிட்டு இருக்காரு."

படத்தில் ஜெயக்கொடி சாய்ந்து சொல்லி முடித்துச் சிரித்தாள். பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. அதை யாரும் கேட்கவில்லை.

சிவனாண்டி எழுந்து வந்தான். "அண்ணே, திருப்பிப் போடுங்க" என்றான். போட்டேன். இன்னொரு தடவை கேட்டான். அதையும் போட்டேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, டெக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனியம்மாள், "கேட்டிகளா? எல்லாரும் கேட்டிகளா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது நான் இல்லத்தே. என் கொரலே இல்ல அது" என்றாள் ஜெயக்கொடி. கையில் காப்பி டம்ளர் இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வாயி உன் வாயி, படம் உன் படம், கொரல் மட்டும் எவ கொரலுடி?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

சிவனாண்டி நியாயமானவன், அதைச் சொல்ல வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப்போய், "அண்ணே, உங்களுக்குத் தெரியும். இதுல வேற கொரல வைக்க முடியுமா?" என்று கேட்டான். முடியும் என்று நான் சொல்லியிருந்தால் போதும், அவன் நம்பியிருப்பான். நம்புவதற்குத்தான் கேட்டான். "மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா" என்றேன். இது என்னைப் பொறுத்தவரை பொய் இல்லை. மிஷினுக்குத் தெரியாதுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு ஊர்ப் பெரிய ஆட்களும் கூடிக் கல்யாணத்தை அத்துவிடுவது என்று பேசி வைத்தார்கள். இடையில் முருகம்மாள் சமயநல்லூருக்கு ஓடி, அன்றைக்கு அவள் சொன்னது வேறு, பக்கத்தில் நின்றவள் நான், எனக்குத் தெரியாதா என்று கத்தியிருக்கிறாள். கூட்டுக்களவாணி என்று அவளை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜெயக்கொடி டவுன் பஸ் பிடித்து என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, எனக்கு ஒரே ஒரு ஒதவி. அந்த எடத்துல நான் பேசுனத அப்படியே போட்டுக் காட்டுங்க. அது போதும்."

"போட்டுத்தானம்மா காட்டினேன்."

"இல்லண்ணே. அப்ப நான் உங்களப் பத்தித்தான் சொன்னேன்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கேலியா ஒரு வார்த்த வந்துருச்சு. தப்புத்தான். கால்ல வேணும்னாலும் விழுகுறேன். எம்புட்டுக் கேவலமா இருந்தாலும் பரவாயில்ல, அதப் போட்டுக் காட்டுங்க. எங்க வீட்டுக்காரக கேட்டா நம்பிருவாக. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்ண்ணே. எங்கம்மாவுக்கு இதத் தாங்குற சீவன் இல்ல."

அந்த டேப் அப்போது அவள் தலைக்கு நேர் மேலே, பரணில், இரண்டாவது வரிசையில் இருந்தது.

"அது ஒரிஜினல் டேப்பும்மா. வேற கல்யாணம் ஏத்தியாச்சு. அழிஞ்சுபோச்சு" என்றேன்.

தண்ணீர் கேட்டாள். செம்பில் கொடுத்தேன், தூக்கிக் குடித்தாள். "போயிட்டு வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். மறுநாள் மத்தியானம் சிவனாண்டியின் தோட்டத்துக் கிணற்றில் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை யாரும் கூடவில்லை.

முருகம்மாள் சும்மா விடவில்லை. ஜெயக்கொடி சொன்ன வார்த்தையை ஒன்றுவிடாமல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். போலீஸ்காரர்கள் என் பரணைக் குடைந்தார்கள், டேப்பை எடுத்தார்கள், போட்டுப் பார்த்தார்கள். அவள் எழுதிக் கொடுத்ததும் டேப்பில் இருந்ததும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. அதற்குமேல் நான் மறுப்பதில் அர்த்தம் இல்லை.

ஆமாம், ஐயா. அந்தக் குரல் ஜெயக்கொடியினுடையது அல்ல. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு கல்யாணத்தில், வேறொரு பந்தலில் நான் பிடித்த வேறொரு பெண்ணின் குரல். என் சேகரிப்பில் அதைத் தேட இரண்டு நாள் ஆனது. வயசு ஒத்துப்போக வேண்டும், வாசகம் இருபது விநாடிக்குள் அடங்க வேண்டும், கடைசியில் சிரிப்பு வர வேண்டும். உதட்டசைவுக்குப் பொருத்துவதுதான் சிரமம், ஆனால் அவள் பாதி முகத்தைத் திருப்பியிருந்தாள். டெக்கில் படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. தினமும் பாட்டு ஏற்றுகிற அதே பொத்தான்தான். இரண்டு பந்தலிலும் மேளச் சத்தம் இருந்தது, ஒட்டுப்போட்டது தெரியவில்லை. டிவி ஸ்பீக்கரில் எல்லாப் பெண் குரலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த இன்னொரு பெண்ணின் பெயரைக் கேட்காதீர்கள். அவள் இப்போது இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். நான் வாயைத் திறந்து ஒரு குடும்பத்தைக் கெடுக்க மாட்டேன்.

இப்போது ஜெயக்கொடி சொன்னது. பரணில் இருந்த டேப்பில் நீங்களே கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் நான் சொல்லித்தான் எழுத வேண்டும் என்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

"அந்தா தூணுகிட்ட நிக்கிறான் பாரு, வீடியோக்காரன். அப்ப இருந்து என்னையவே பாக்குறான்டி. மேல பல்லி விழுந்த மாதிரி அருவருப்பா இருக்கு. அந்தக் குழாய வேற பக்கம் திருப்பச் சொல்லு."

இதை அவள் முருகம்மாளிடம் சொன்னாள். ஆனால் எனக்கு அது காதுக்குள்ளே, ஒரு விரற்கடைத் தூரத்தில், மூச்சுக் காற்றோடு சேர்ந்து கேட்டது. நான் குழாயைத் திருப்பவில்லை. படத்தைப் பாருங்கள், கொஞ்சம்கூட ஆடியிருக்காது. நாலு வருடமாக ஊர் அழுக்கையெல்லாம் காதில் வாங்கிக் கழுவிக் கழுவி வாழ்கிறவன் நான். என்னைப் பார்த்தா அவளுக்கு அருவருப்பு. அவர்கள் எல்லோரையும்விட நான் சுத்தமானவன் என்று அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது. கோபத்தில் செய்யவில்லை, ஐயா. அவளும் மற்றவர்களைப் போலத்தான் என்று தெரியப்படுத்த வேண்டியிருந்தது. அவள் வாயிலிருந்து தகுந்த பேச்சு கிடைக்காததால் வெளியிலிருந்து எடுத்துப் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அவள் கிணற்றில் விழுவாள் என்று நினைக்கவில்லை. அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போவாள், நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள், அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

அந்த டேப்பை ஏன் அழிக்கவில்லை என்று போலீஸ்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். அழித்திருந்தால் என்மேல் ஒரு ஆதாரமும் இல்லை, எனக்குத் தெரியாதா. அவள் செத்த சேதி வந்த அன்றைக்கு டெக்கில் போட்டு, அழிக்கிற பொத்தானில் விரலையும் வைத்தேன். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று போட்டேன். பிறகு தினமும் மதியம் போட்டேன். நூற்று முப்பது கல்யாணம் எடுத்திருக்கிறேன், ஐயா. எல்லோரும் எல்லோரைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். மேளக்காரரைப் பற்றி, சமையல்காரரைப் பற்றி, பந்தல் போட்டவனைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறார்கள். என்னைப் பற்றி ஒருத்தி பேசியது அந்த ஒரு டேப்பில்தான்.

வழக்கு முடிந்ததும் அதை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.